புல்லுக்குள் இன்னொன்று

அருங்காட்சியகத்தில் அவருக்குப் பல்லி என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாள் முழுக்கச் சாரத்தில் ஏறிச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வரைகிற ஆளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? யாராவது சம்பள உயர்வு பற்றிப் பேசும்போது அவர் தற்செயலாகத் தொண்டையைச் செருமினால் போதும், "பல்லி சொல்லிடுச்சு, நடந்துடும்" என்று ஒரு சிரிப்பு எழும். ஒரு தடவைகூட நடந்ததில்லை என்பது வேறு விஷயம்.

கண்ணாடிக்குப் பின்னால் பாடம் செய்து நிறுத்தியிருக்கிற மிருகங்களுக்கு வானமும் மலையும் புல்லும் வரைவது அவர் வேலை. பார்க்க வருகிறவர்கள் கரடியைப் பார்ப்பார்கள், கரடியின் நகத்தைப் பார்ப்பார்கள், விலைப்பட்டியல் ஒட்டிய பொம்மைக் கடையைப் பார்ப்பார்கள். கரடிக்குப் பின்னால் மழை வரப் போகிறது என்பதை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. வானம் கண்ணை உறுத்தவில்லை என்றால் வானம் சரியாக இருக்கிறது என்பது அவர் கட்சி.

மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். நோயாளிகள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு வீட்டிலும் அவர் அவளை "சிஸ்டர்" என்றே கூப்பிட ஆரம்பித்தார். கட்டின பெண்டாட்டியை ஒரு மனுஷன் சிஸ்டர் என்று கூப்பிடுவது பக்கத்து வீட்டுக்காரிக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். அவ்வளவுதான் குடும்பம். முன்பு இன்னும் சில பேர் இருந்தார்கள். அவர்கள் எப்படிப் போனார்கள் என்பதில்தான் இந்தக் கதையே இருக்கிறது.

உயிரோடு இருக்கிற மிருகம் என்றால் பல்லிக்குக் கவலை கிடையாது. மிருகக்காட்சிசாலைக்குப் போய்க் கூண்டுக்கு முன்னால் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பூமியை விட்டே போய்விட்ட மிருகத்துக்கு எந்தக் கூண்டுக்கு முன்னால் போய் உட்காருவது? எலும்பு கிடைக்கும், தோல் கிடைக்கும், பழைய படம் கிடைக்கும். எலும்பு உயரத்தைச் சொல்லும், தோல் நிறத்தைச் சொல்லும். எப்படி நின்றது என்பதை எதுவும் சொல்லாது. எந்தக் காலில் பாரத்தைப் போட்டது, அலுத்துப்போனால் தலையை எங்கே வைத்துக்கொண்டது என்பதெல்லாம் அதோடு சேர்ந்து போய்விட்டது. அந்த நிலையைப் பல்லி மனிதர்களிடமிருந்து எடுப்பார். யோசித்து எடுப்பதில்லை. எலும்பைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தெரிந்த யாராவது திடீரென்று அதற்குள் வந்து நிற்பார்கள்.

இப்படித்தான் அவர் குடும்பத்தில் பாதி அருங்காட்சியகத்துக்குக் குடிபெயர்ந்தது. பறக்கத் தெரியாத, இப்போது இல்லாத ஒரு கடற்பறவையை வரையச் சொன்னார்கள். அவர் அப்பா மாடிக் கைப்பிடிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தோளைத் தூக்கிக்கொண்டு நிற்பார் அல்லவா, அப்படியே அந்தப் பறவை பாறைமேல் சிறகை ஊன்றி நின்றது. டோடோ பறவைக்குச் சித்தி. பஸ்ஸுக்காக இரண்டு பையோடு காலை அகட்டி நிற்கிற சித்தி. அவளே நேரில் வந்து பார்த்துவிட்டு, "பாவி, என் காலை இப்படித் தூண் மாதிரி போட்டு வெச்சிருக்கியே" என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் காட்டிச் சிரித்தாள். பெருங்கொம்பு மானுக்கு அண்ணன். பேசும்போது தலையைக் கொஞ்சம் இடப் பக்கம் சாய்த்துக்கொள்வான். கொம்பின் பாரத்தைத் தாங்க முடியாமல் சாய்கிற மாதிரி அது மானுக்கு அற்புதமாகப் பொருந்தியது.

அந்தப் பறவையைக் காட்சிக்குத் திறந்து வைத்த வருஷமே அப்பா மூச்சு முட்டிப் போனார். வயசாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், பல்லியும் சொன்னார். டோடோவைப் பார்த்துச் சிரித்த சித்திக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. அதற்கும் ஏதோ காரணம் சொல்லிக்கொண்டார். மூன்றாவதாக அண்ணன் தலைக்குள் கட்டி என்று படுத்து எழுந்திருக்காமல் போனபோது, சொல்லிக்கொள்ளக் காரணம் எதுவும் மிச்சமில்லை. அண்ணனை அனுப்பிவிட்டு வேலைக்குத் திரும்பிய அன்று அவர் அந்த மானுக்கு முன்னால் போய் நின்றார். மான் அண்ணன் மாதிரியே தலையைச் சாய்த்துக்கொண்டு அவரைப் பார்த்தது. தன் வலது கையைத் தூக்கி, யாருடையதோ மாதிரி பார்த்தார்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்காமல் நம்பிவிட்டால் அது இன்னும் மோசம். அதன் பிறகு, செத்துப்போன இனம் எதுவும் எனக்கு வேண்டாம், கண் முன்னால் நிற்பதை மட்டும் வரைகிறேன் என்று அடம் பிடித்தே வருஷங்களை ஓட்டினார். பேத்தி வந்து, "தாத்தா, என்னை வரைங்க" என்று மடியில் ஏறினால் ஒரு குருவியை வரைந்து கொடுத்து அனுப்புவார். மகளுக்கு அதில் மனத்தாங்கல். சொந்தப் பேத்தியை வரையக் கை வராத மனுஷனுக்கு எதற்கு இத்தனை பிரஷ் என்று அவள் அம்மாவிடம் கேட்டாள்.

ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கும்போது புதிதாக ஒரு காப்பாட்சியர் வந்தார். சின்ன வயசுப் பெண்; மரியாதை தெரிந்தவர்; அந்த மரியாதையில்தான் ஆபத்தே இருந்தது. இனிமேல் வராத மிருகங்களுக்கென்று ஒரு தனிக் கூடம் அமைக்கப் போவதாகவும், அதன் நடுச் சுவர் பல்லிக்கு என்றும் சொன்னார். பல்லி மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்க வேண்டும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"என்ன மிருகம்?" என்று கேட்டுவிட்டார்.

"தைலசின், ஐயா. பாக்க நாய் மாதிரி இருக்கும், முதுகுல புலி மாதிரி வரி. ஆனா நாயும் இல்லே, புலியும் இல்லே. கங்காரு மாதிரி வயித்துப் பையில குட்டி வளக்கிற சாதி. அதுல வேட்டையாடறது. ஒண்ணுகூட மிச்சமில்லே. உங்க கை இல்லேன்னா நான் வெளியாள் யாரையாவது கூட்டிட்டு வரணும், அவங்க அதை ஓநாய் மாதிரி போட்டுட்டுப் போயிடுவாங்க."

கடைசி வாக்கியம் வேலை செய்தது. தன் கூடத்தில், தன் சுவரில், எவனோ வந்து ஓநாயைப் போடுவதா என்று பல்லிக்கு ரோஷம் வந்தது. தைலசின் என்ற பெயர் வாட்ச்மேன் வாயில் நுழையாமல் அன்று சாயந்திரமே வரிநாய் ஆனது. எல்லோரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள்.

பழைய சாமான்களைப் போட்டுவைக்கிற கிட்டங்கியில் ஒரு பழைய தோல் இருந்தது. அந்த மிருகத்தைக் கண்ணாலேயே பார்க்காத யாரோ எந்தக் காலத்திலோ வைக்கோல் அடைத்துத் தைத்தது. தலையணைக்குக் கால் முளைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. வரிகளை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டார். பிறகு காப்பாட்சியர் தன் கம்ப்யூட்டரில் ஒரு பழைய படத்தைப் போட்டுக் காட்டினார். கூண்டில் இருந்த ஒரு வரிநாயை யாரோ எடுத்தது, சத்தம் கிடையாது. அது கம்பியோரமாக நடந்தது, படுத்தது, எழுந்தது. வாயைத் திறந்தது. மிருகத்தின் வாய் அவ்வளவு தூரம் திறக்கும் என்று பல்லி நினைத்திருக்கவில்லை.

"கொட்டாவி மாதிரி இருக்கில்லே? பயந்தா, கிட்ட வராதேன்னு சொல்றதுக்கு அப்படித் திறக்குமாம். எனக்கு அந்த வாய் வேணும், ஐயா," என்றார் காப்பாட்சியர்.

பல்லி வாயைப் பார்க்கவில்லை. அது திரும்பியதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாய் திரும்பினால் உடம்பு வில்லாக வளையும். இது வளையவில்லை. கழுத்து, முதுகு, வால் எல்லாம் ஒரே கட்டையாகத் திரும்பின. முன்னங்கால் ஒன்று உடம்பில் படாமல் கொஞ்சம் விலகி நின்றது. அந்தத் திருப்பத்தை அவர் எங்கேயோ பார்த்திருக்கிறார். எங்கே என்று நினைக்கும்போதே அடுப்படி கண் முன்னால் வந்தது. அவர் கூப்பிட்டதும் சிஸ்டர் கரண்டியோடு திரும்பிப் பார்க்கிறாள், கழுத்தை மட்டும் திருப்பாமல் முழு உடம்பாக. திரையில் நின்ற மிருகத்துக்குள் அவள் வந்து நின்றுவிட்டாள்.

"நிறுத்திடுங்கம்மா," என்றார்.

அன்றிலிருந்து அவர் செய்த கூத்தைச் சொன்னால் சிரிப்பு வரும். செய்த மனுஷனுக்குச் சிரிப்பு வரவில்லை. யாரை வேண்டுமானாலும் அந்த மிருகத்துக்குள் தள்ளத் தயாராக இருந்தார், அவளைத் தவிர. வாட்ச்மேன் வளர்க்கிற நாயைக் கூட்டி வந்து பிஸ்கட் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாய் பிஸ்கட்டை முடித்துவிட்டுக் கம்பி நீட்டியது. ஆஸ்பத்திரி வாசல், பஸ் நிறுத்தம், வங்கி வரிசை என்று போய் நின்று முன்பின் தெரியாத ஆட்களை வெறித்துப் பார்த்தார். ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார். ஒருவரும் அந்த மிருகத்துக்குள் வரவில்லை. வந்து நின்றவள் நகரவும் இல்லை.

கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. வெளியே நல்ல வெயில் அடிக்கும். உள்ளே சாரத்தில் கட்டிய ஒற்றை பல்பு. வார விடுமுறை நாளில், கட்டடத்தில் ஆள் அரவம் இல்லாத நேரத்தில், அவர் முதுகுக் கோட்டில் ஆரம்பித்தார். கை தானாக ஓடியது. தடிமனாகப் பெயிண்டை அப்பி, வரிக்கு மேல் வரி, முடிக்கு மேல் முடி என்று போய்க்கொண்டே இருந்தது. கீழே இறங்கி, பின்னால் நடந்து, தலை நிமிர்ந்து பார்த்தபோது சுவரில் அவள் இருந்தாள். மூக்கு நீண்டிருந்தது, காது நிமிர்ந்திருந்தது, உடம்பு முழுக்க வரி. ஆனாலும் அவள்தான். என்னங்க, கூப்பிட்டீங்களா என்று திரும்பிப் பார்க்கிற சிஸ்டர்.

ஈரப் பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிடலாம். அதற்கென்று தட்டையான கத்தி இருக்கிறது. கத்தியோடு ஏறினார். அந்த முகத்துக்கு நேராகக் கத்தியைக் கொண்டுபோனதும் கை மரத்துவிட்டது. பெண்டாட்டி முகத்தில் எவன் கத்தி வைப்பான்? இறங்கி வந்துவிட்டார். பெயிண்ட் காய்கிறவரை காத்திருந்து, அதற்கு மேல் புல்லை வரைந்தார். ஆள் உயரப் புல், அடர்த்தியாக, ஓர் ஓட்டை தெரியாமல். அந்தச் சுவரிலேயே நன்றாக வந்தது அந்தப் புல்தான் என்று காப்பாட்சியர் பாராட்டினார்.

பெருக்குகிற அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "இந்தப் பக்கம் குனிஞ்சு பெருக்கும்போது யாரோ நின்னு பாக்கற மாதிரியே இருக்குங்க. புல்லைக் கொஞ்சம் கம்மி பண்ணக்கூடாதா?" என்றாள்.

பல்லிக்கும் அப்படித்தான் இருந்தது. சாரத்தில் முதுகைக் காட்டி நின்றால் பிடரி கூசும். திரும்பிப் பார்த்தால் புல்தான். அவர் வரைந்த புல்தான். ஆனால் தான் திரும்புவதற்கு ஒரு கணம் முன்னால் அது அசைந்து நின்றுவிட்டதோ என்று ஒரு சந்தேகம் வரும், அன்று முழுக்கப் போகாது.

வீட்டில் அவளைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கவனித்தார். இருமினாளா, சரியாகச் சாப்பிட்டாளா, தூக்கத்தில் மூச்சு சீராக இருக்கிறதா. அவள் டூட்டிக்குக் கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தார்.

"புதுசா என்ன இவ்வளவு பாசம்? ஏதாவது தப்புப் பண்ணிட்டீங்களா?" என்றாள் சிஸ்டர்.

"ஒண்ணுமில்லே. நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு நீதானே சொன்னே."

"நான் சொன்னதை நீங்க எப்பக் கேட்டிருக்கீங்க?"

அவள் சிரித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினாள். அவள் இல்லாத வீட்டை அவர் அப்போது நினைத்துப் பார்த்தார். வேண்டாம் என்று தோன்றியது. அப்படி ஒரு வீடு தனக்கு வேண்டவே வேண்டாம். சுவருக்கு ஒரு ஆள் கொடுத்துத்தான் தீர வேண்டும் என்றால் அது தானாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நிறுத்தத்திலேயே நின்று முடிவு செய்தார். நேராகப் போய், கிட்டங்கியில் கிடந்த பழைய நிலைக்கண்ணாடி ஒன்றைத் துடைத்துக் கூடத்துக்குத் தூக்கி வந்தார்.

ஐம்பத்தேழு வயசு ஆள் நாலு காலில் நின்று, கண்ணாடியைப் பார்த்து வாயை அகலத் திறந்துகொண்டிருக்கிறார். வாட்ச்மேன் டீயோடு உள்ளே வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"சார், பல் வலிங்களா?"

"வேலை பாக்கறேன்யா. டீயை வெச்சுட்டுப் போ."

வாட்ச்மேன் டீயை வைத்துவிட்டுப் போனான். வாசல் வரைக்கும் முதுகைக் காட்டாமல் போனான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கண்ணாடியில் திறந்திருந்த அந்த வாயைப் பார்க்கப் பல்லிக்கே பிடிக்கவில்லை. இருந்தாலும் பார்த்தார். தோள் எப்படி இறங்குகிறது, கழுத்து நரம்பு எங்கே புடைக்கிறது, வாய்க்குள் என்ன தெரிகிறது என்று கண்டதை அப்படியே சுவருக்குக் கொண்டுபோனார். புல்லுக்கு வெளியே, வெட்டவெளியில், பார்க்கிறவர்களுக்கு நேராக ஒரு வரிநாய் வாயைத் திறந்துகொண்டு நின்றது. முடித்த அன்று அவர் மனம் அத்தனை லேசாக இருந்தது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாகிவிட்டது, இனி அவளை விட்டுவிடும் என்று நம்பினார்.

கூடம் திறப்பதற்கு முந்தின நாள், விளக்குப் பொருத்த எலக்ட்ரீஷியன் வந்தான். சிஸ்டருக்கு அன்று ஓய்வு நாள். வீட்டுக்காரர் இத்தனை மாதம் உயிரை விட்டு வரைந்தது என்னவென்று பார்க்க அவளும் வந்திருந்தாள். கூடத்தில் அவர்கள் மூன்று பேர்தான்.

"மேலேருந்து போட்டா சப்புனு இருக்கு சார். சைடுல போடறேன், முடி முடியாத் தெரியும் பாருங்க," என்று எலக்ட்ரீஷியன் சுவரோரமாக ஒரு விளக்கை வைத்துத் திருப்பினான்.

வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு ஓடியது. வெட்டவெளியில் நின்ற மிருகம் உயிர் வந்த மாதிரி புடைத்துக்கொண்டது. கூடவே புல்லும் புடைத்தது. பல்லி தடிமனாக அப்பி மூடியிருந்த பெயிண்ட் மேடுகள் ஒவ்வொன்றாக நிழல் போட்டன. முதலில் ஒரு முதுகு, பிறகு வால், பிறகு விலகி நிற்கிற ஒரு முன்னங்கால். கடைசியில் அவர்களைத் திரும்பிப் பார்க்கிற ஒரு தலை. நிறமே இல்லை, வெறும் மேடும் நிழலும். புல்லுக்குள் அது இத்தனை நாளும் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது.

"புல்லுக்குள்ள இன்னொண்ணு இருக்கே. சொல்லவே இல்லியே சார்," என்றான் எலக்ட்ரீஷியன்.

பல்லிக்கு முகத்தில் ஈயாடவில்லை. சிஸ்டர் சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். திரும்பி அவரைப் பார்த்தாள், கழுத்தைத் திருப்பாமல், முழு உடம்பாக. எலக்ட்ரீஷியன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருவதாக முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனான்.

"இது நான்தானே," என்றாள்.

அதற்கு மேல் மறைக்க அவருக்குத் தெம்பு இல்லை. அப்பா, சித்தி, அண்ணன், தன் கை, பேத்திக்குக் கொடுத்த குருவி, சுரண்ட முடியாத முகம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. பழைய கூடங்கள் இருக்கிற பக்கம் நடந்தாள். அவர் பின்னாலேயே போனார்.

கடற்பறவைக்கு முன்னால் நின்றாள். "மாமா கடைசியில இப்படித்தான் நின்னாரு. தோளைத் தூக்கி, கையை ஊணி. எங்க வார்டுல ஒருத்தர் இப்படி உக்காந்திருந்தா, உதடு நீலமாகறதுக்குள்ள நாங்க ஆக்சிஜனுக்கு ஓடுவோம்."

டோடோவுக்கு முன்னால் குனிந்தாள். "இந்தக் காலைப் பாருங்க. தூண் இல்லைங்க இது, வீக்கம். விரலை வெச்சு அமுக்கினா குழி விழும். அந்தப் பளபளப்பைக்கூடப் போட்டிருக்கீங்க."

மானிடம் வந்தபோது அவள் குரல் உடைந்தது. "ஒரு பக்கமா சாயறாரு. கொம்பு பாரமாம். நாம தலைவலின்னு மாத்திரை வாங்கிக் குடுத்துட்டு இருந்தோம். நர்ஸுன்னு பேரு எனக்கு. ஒரே வீட்டுல வெச்சுக்கிட்டு நான் பாக்கலே."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். "நீங்க யாரையும் கொல்லலைங்க. அவங்க போய்க்கிட்டு இருந்தாங்க. அது உங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு, உங்களுக்குத்தான் தெரியலே. தெரிஞ்சதை வாயால சொல்லாம சுவத்துல சொல்லியிருக்கீங்க."

அவருக்கு ஒரு கணம் பெரிய பாரம் இறங்கியது. அடுத்த கணம் வேறொன்று உறைத்தது. படம் யாரையும் கொண்டுபோவதில்லை என்றால், படத்தை மறைத்ததால் யாரும் தப்பிப்பதும் இல்லை. அவளைப் புல்லுக்குள் ஒளித்துவைத்துவிட்டு, அதிலேயே காப்பாற்றிவிடலாம் என்று நினைத்து இத்தனை மாதத்தை வீணாக ஓட்டியிருக்கிறார். பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். தன்னைப் போல ஒரு முட்டாள் இந்தக் கட்டடத்திலேயே இல்லை என்று நினைத்தார்.

"எங்கிட்ட என்ன பாத்தீங்க?" என்று கேட்டாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "நீ திரும்பினா முழுசாத் திரும்பறே. இடது கையை உடம்போட ஒட்ட விடறதில்லே, கொஞ்சம் விலக்கியே வெச்சிருக்கே. கொடியில துணி போடும்போது வலது கை மட்டும்தான் மேல போகுது. படுக்கும்போது அந்தப் பக்கம் திரும்பறதில்லே."

அவள் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அக்குள்ல ஒரு கட்டி. குளிக்கும்போது கையில தட்டுப்பட்டுது."

"எப்பலேருந்து?"

"உங்க பொண்ணு லீவுக்கு வந்துட்டுப் போனாளே, அப்பலேருந்து."

"ஆஸ்பத்திரியிலயே இருக்கே. ஒரு டாக்டர்கிட்டக் காட்டக்கூடாதா?"

"தினம் ஊராரோட ரிப்போர்ட்டைப் பிரிச்சுப் பாக்கறவ நான். என்னோடதைப் பிரிக்கத் தைரியம் வரலே," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நோயாளிகளுக்கு முன்னால் ஒரு நாளும் அழாதவள், பெருங்கொம்பு மானுக்கு முன்னால் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். பல்லி பக்கத்தில் உட்கார்ந்து, வலிக்காத பக்கத் தோளில் கையை வைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல போறோம். நானும் வரேன். இந்தத் திறப்பு விழா எல்லாம் எப்படியோ நடந்துட்டுப் போகட்டும்," என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் அவளிடம் அதட்டிப் பேசியது அந்த ஒரு தடவைதான். அவள் தலையாட்டினாள். சின்னதாக இருக்கும்போதே பார்த்துவிட்டால் பயமில்லை என்று அவளே அவருக்குத் தைரியம் சொன்னாள். வார்டில் சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். இருந்தாலும் அவர் நம்பினார்.

விளக்கை அணைக்கத் திரும்பப் புதுக் கூடத்துக்கு வந்தார்கள். புல்லுக்குள் இருந்தது இன்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. காரணம் தெரிந்த பிறகு அவருக்கு அதனிடம் பழைய பயம் இல்லை. சிஸ்டர் முதல் தடவையாக மற்றதைப் பார்த்தாள், வெளியில் வாயைத் திறந்துகொண்டு நிற்பதை.

"இது யாரு?"

"யாருமில்லே. நான்தான். கண்ணாடி வெச்சுப் பாத்துப் போட்டேன்."

"எதுக்கு?"

"யாராவது ஒருத்தர் நின்னாகணும்னு நினைச்சேன். நீ நிக்க வேணாம்னு..." அவருக்கு மேலே சொல்லக் கூச்சமாக இருந்தது.

லூசு மனுஷன் என்று திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. சுவருக்கு வெகு அருகில் போய், திறந்த வாய்க்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி நின்றாள்.

"இந்த ஈறுக்கு நிறம் எதைப் பாத்துக் கலந்தீங்க?"

"கண்ணாடியில தெரிஞ்சதுதான். சிவப்பா இருக்கணுமேன்னு காப்பாட்சியர்கூடக் கேட்டாங்க. எனக்கு நீலம் தட்டித்தான் தெரிஞ்சுது. உதட்டோரமும் அப்படித்தான். தெரிஞ்சதைத்தானே போட முடியும்."

அவள் திரும்பி வந்தாள். வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பொது இடத்தில் அவள் அப்படிக் கையைப் பிடித்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. கல்யாணமான புதிதில் பிடித்திருப்பாள். அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. தான் செய்தது அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"எலக்ட்ரீஷியன் வந்துடப் போறான், சிஸ்டர்," என்றார்.

"கொஞ்சம் பேசாம இருங்க."

அவர் அப்போதுதான் குனிந்து பார்த்தார். அவள் விரல்கள் அவர் உள்ளங்கையில் இல்லை, மணிக்கட்டில் நாடியின் மேல் இருந்தன. அவள் கண் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.